பத்து பாகாட்டில் கரடி இல்லை

தூண்டில் போடுகிறவன் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய் ஒரு ரகம், கூட்டாளியிடம் சொல்கிற பொய் இன்னொரு ரகம். ஹேமநாதன் இரண்டு பேருக்கும் ஒரே பொய்யை வைத்துக்கொண்டான். எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் "பத்து பாகாட்" என்பான். அங்கே கடல் இருக்கிறது, சேறு இருக்கிறது, தூண்டில்காரர்கள் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் நின்றானா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

அவன் உண்மையில் போனது லாபிஸுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓடும் ஓர் ஆற்றுக்கு. தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிப்போகிற லாரி அவனுடையது. முதலாளியின் லாரிதான், ஆனால் பதினாறு வருசமாக அவன் பின்புறம் மட்டுமே அந்த சீட்டைத் தேய்த்திருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முன்னால் பத்தொன்பதாம் பிளாக்குக்குப் பின்னால் லாரி சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒன்றுக்குப் போகக் காட்டோரம் ஒதுங்கியவன் காதில் தண்ணீர்ச் சத்தம் விழுந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தான். ஆறு ஒரு பெரிய பாறையை முட்டித் திரும்புகிற இடத்தில் கரும்பச்சையாக ஒரு மடு. அதில் கெலா மீன்கள், செம்புத் தகடு மாதிரிச் செதில், ஒவ்வொன்றும் தொடைப் பருமன், அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

டிராக்டர்காரனிடம்கூட அவன் அதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர். மீன் படம் போடும்போது பின்னால் வானம் மட்டும் தெரிய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். போன வருசம் குளுவாங்கிலிருந்து ஒரு பையன் பின்னால் பாலம் தெரிகிற மாதிரிப் படம் போட்டான். அடுத்த சனிக்கிழமை அந்தப் பாலத்தடியில் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள். அதற்கு அடுத்த வாரம் வலை. அதற்கும் அடுத்த வாரம் எவனோ பேட்டரி கொண்டுவந்து தண்ணீருக்குள் கரண்டு விட்டான். ஒரு மாதத்தில் அங்கே தவளைகூட இல்லை. மடுவைச் சொன்னவன் மடுவைக் கொன்றான், அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரே சங்கடம் ரூபேந்திரன். இரண்டு பேரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். ஹேமநாதன் தம்போய்க்குப் போய்விட்டான். ரூபேந்திரன் லாபிஸிலேயே மெயின் ரோட்டில் டயர் கடை போட்டுக்கொண்டான். மடுவுக்குப் போகிறவன் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடை எட்டு மணிக்குத் திறக்கும். ஹேமநாதன் ஏழரைக்கே தாண்டிவிடுவான். தூண்டில்கள் பின்சீட்டுக்கு அடியில், தலையில் தொப்பி புருவம் வரைக்கும். இரண்டு வருசத்தில் இருபது முப்பது தடவை அப்படித் தாண்டியிருப்பான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூசும். கடை கண்ணாடியில் மறைந்ததும் கூச்சமும் மறைந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தாண்டினான்.

புறப்படும்போதே பெண்டாட்டி புஷ்பவள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, அந்த வாளிய மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போங்க. மூணு நாளா வீடே சாராயக்கடை மாதிரி நாறுது."

கெலாவுக்குச் செம்பனைப் பழம் என்றால் உயிர். மற்றவர்கள் பழத்தை அப்படியே கொக்கியில் குத்துவார்கள். ஹேமநாதன் உதிரிப் பழத்தைப் பொறுக்கி வந்து, அரிசி கழுவின தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து கலந்து புளிக்கவிடுவான். கால் மணிக்கு ஒரு பிடி தண்ணீரில் வீசினால் மடுவே ஒரு பக்கமாகச் சாயும். போன மாதம் ரூபேந்திரன் தெரெங்கானு வரைக்கும் போய் நாலு கிலோ கெலா பிடித்துப் படம் போட்டிருந்தான். அந்தப் படம் ஹேமநாதன் வயிற்றில் ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. அதனால் இந்தத் தடவை இரண்டு மடங்கு பழம். ஆறு கிலோ இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி, தோள்பைக்குள் அமுக்கி, மேலே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், முன் ஜிப்பில் போனும் கார் சாவியும்.

"ஓவர்டைம் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வருவேன். பத்து பாகாட்ல எறா கெடைச்சா வாங்கிட்டு வாங்க, பிடிக்கறேன்னு நிக்காதீங்க" என்றாள் புஷ்பவள்ளி. அவளுக்கு பிளாஸ்டிக் பேக்டரியில் சனிக்கிழமையும் வேலை.

பத்தொன்பதாம் பிளாக் பம்ப் வீட்டுக்குப் பின்னால் மைவி காரை ஒளித்துவிட்டு நாற்பது நிமிசம் நடந்தான். வழியெல்லாம் பை ஒழுகியதை அவன் கவனிக்கவில்லை. முதுகு ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டான். மடுவில் இரண்டு பிடி வீசினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பையைப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு மரத்து வேரில் சாய்த்துவிட்டு, பாறை மேல் உட்கார்ந்தான்.

பத்தரை மணி வாக்கில் பின்னால் பை இழுபடுகிற சத்தம் கேட்டது.

காட்டுப்பன்றி என்று நினைத்து, தோட்டத்தில் நாய் விரட்டுகிற மாதிரி "ச்சூ!" என்று அதட்டிக்கொண்டே திரும்பினான். பன்றி இல்லை. கரடி. பெரிய கரடி என்று சொல்ல முடியாது. ஹேமநாதன் இடுப்பு உயரம் இருக்கும். குட்டை மயிர், தார் ஊற்றினது மாதிரிக் கறுப்பு. நெஞ்சில் மட்டும் அழுக்கு மஞ்சளில் ஒரு பிறை. சின்னப்பிள்ளை சோற்றுத்தட்டை மடியில் வைத்துக்கொள்வது மாதிரி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து நாக்கு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் நாக்கு.

தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்களுக்குப் புலியைவிடக் கரடியிடம்தான் பயம். புலி பசித்தால் வரும், பசி இல்லையென்றால் உன்னைப் பார்த்துவிட்டு விலகிவிடும். கரடிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. திடுக்கிட்டால் பாயும். பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கும். பெக்கோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாதி முகம் உள்ள ஒருவரை ஹேமநாதன் பார்த்திருக்கிறான். அவர் ஒரு பக்கமாகத் தேத்தண்ணி குடித்ததைப் பார்த்துவிட்டு அவன் குடிக்காமலே எழுந்து வந்தான். ஓடக் கூடாது, மரத்தில் ஏறவும் கூடாது, அது உன்னைவிட நன்றாக ஏறும். அசையாமல் நில், அதைத் திடுக்கிட விடாதே. இவ்வளவும் அவனுக்குத் தெரியும். அசையாமல்தான் நின்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன் கடித்தது.

தூண்டில் மெஷின் 'கிரீ...ச்' என்று கத்தியது. இரண்டு வருசமாக அவன் கேட்கத் தவம் கிடந்த சத்தம். கரடி நிமிர்ந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? தூண்டிலைப் போடுவான். ஹேமநாதன் இரண்டு கையாலும் பிடித்தான். கழி வில்லாக வளைந்தது, மெஷின் இன்னும் கத்தியது, கரடி நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தது.

பின்னால் ஓரடி வைத்தான். பாசி. இடது கால் இரண்டு பாறைக்கு நடுவில் இறங்கியது, உடம்பு வேறு பக்கம் விழுந்தது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. மட்டை எங்கே முறிந்தது என்று அவனுக்குப் புரிவதற்குள் கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்தான். கழி கையை விட்டுப் போயிருந்தது. அந்த மீன் எட்டு கிலோ இருக்கும் என்று இன்றைக்கும் சொல்வான். சாட்சிக்குக் கரடியைத்தான் கூப்பிட வேண்டும்.

கரடி தண்ணீர் ஓரத்தில் நின்றது. மூக்கை ஆட்டி ஆட்டி மோந்தது. எச்சில் நூலாகத் தொங்கியது. ஐந்தடி தூரம். நகம் ஒவ்வொன்றும் அவன் சுண்டுவிரல் நீளம். ஹேமநாதன் மூக்கு வரைக்கும் தண்ணீரில் இறக்கிக்கொண்டு முனியாண்டியைக் கூப்பிட்டான். வாயில் தண்ணீர் போனதால் பாதிப் பெயர்தான் வந்தது. கரடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, இவனோடு என்ன பேச்சு என்கிற மாதிரித் திரும்பிப் போய்ப் பை பக்கத்தில் உட்கார்ந்தது.

ஒவ்வொரு பழமாகத் தின்றது. சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பியது. ஆறு கிலோ பழத்தை அப்படித் தின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்தத் தோட்டத்துக்காரனும் கணக்குப் போட்டதில்லை. ஹேமநாதன் போட்டான். வேறு வேலை இல்லை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான். பாதம் இருக்க வேண்டிய பக்கம் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அஞ்சு மணிக்குப் புஷ்பா வீட்டுக்கு வருவாள். ஏழு எட்டு மணி வரைக்கும் திட்டிக்கொண்டிருப்பாள். அப்புறம் பயப்படுவாள். ரூபேந்திரனுக்குப் போன் போடுவாள். இரண்டு பேரும் போலீஸுக்குப் போவார்கள். எல்லாரும் டார்ச் எடுத்துக்கொண்டு பத்து பாகாட் கடற்கரையில் தேடுவார்கள். ஒரு வாரம் தேடுவார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு பக்கம். இந்த மடுவில் அவன் இருக்கிறான் என்று தெரிந்த உயிர் உலகத்திலேயே ஒன்றுதான். அது கொட்டை துப்பிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணி போல கரடி பையை வாயில் கவ்வி மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவன் இன்னும் அரை மணி நேரம் தண்ணீரிலேயே இருந்தான். பிறகு முழங்கையால் ஊர்ந்து கரையேறினான். சட்டையைக் கிழித்து, இரண்டு குச்சியை வைத்துக் காலைக் கட்டினான். கட்டும்போது போட்ட சத்தத்துக்குக் காட்டில் பூச்சிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. பழம் சிந்தின தடத்தைப் பிடித்தே ஊர்ந்தான். முப்பது நாற்பது அடியில் பை கிடந்தது. நாலாகக் கிழிந்திருந்தது. நாசி லெமாக்கில் நெத்திலிகூட மிச்சமில்லை, காகிதமே சலவை செய்த மாதிரி இருந்தது. முன் ஜிப் மட்டும் தப்பித்திருந்தது. போன் முகம் விரிசல் விட்டு, எச்சிலில் ஊறி, உயிரோடு இருந்தது. பேட்டரி பத்தொன்பது.

மடுப் பக்கம் லைன் கிடையாது. மேட்டு உச்சியில் ஒரு கறையான் புற்று இருக்கிறது, அங்கே ஒரு கோடு வரும். நல்ல காலில் கால் மணி நேரம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

புற்றில் சாய்ந்துகொண்டு புஷ்பாவுக்கு அடித்தான். பதில் இல்லை, பேக்டரியில் போனெல்லாம் லாக்கருக்குள். அடுத்தது அவசர எண் 999. விரல் வைத்தான், எடுத்தான். தீயணைப்புப் பொம்பா வரும், போலீஸ் வரும், தோட்டத்து மானேஜர் வருவார். வருகிறவன் எவனாவது போனைத் தூக்கிப் படம் பிடிப்பான். பின்னால் மடு தெரியும். கால் ஒடிந்து, கரடி பக்கத்தில் எங்கோ இருக்க, ஒரு மனுசன் இப்படி யோசிப்பானா என்றால், யோசித்தான். யோசித்துவிட்டு ரூபேந்திரனுக்கு அடித்தான்.

"என்னடா, பத்து பாகாட்ல மாட்டிச்சா?" பின்னால் டயர் கடையில் காற்று மெஷின் இரைந்தது.

"டேய், காலு ஒடிஞ்சிருச்சுடா."

"யாருக்கு? மீனுக்கா?"

"எனக்குடா. கரடி தொரத்திடுச்சு."

காற்று மெஷின் நின்றது. "பத்து பாகாட்ல கரடியா? கடல்ல நீந்தி வந்துச்சா?"

ஹேமநாதன் சரிவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"டேய். பட்டப்பகல்லயே ஊத்திட்டியா? எங்க இருக்க? உண்மையச் சொல்லு லா."

"லாபிஸ்ல."

"எந்த லாபிஸ்?"

"எத்தன லாபிஸ்டா இருக்கு?"

"ஓ. அப்ப காலங்காத்தால நான் கடை வாசல் கூட்டறப்ப தொப்பி போட்டுட்டுப் போற செவப்பு மைவி நீதானா? எவனோ கள்ளத்தொடர்புக்குப் போறான்னு நெனைச்சேன்டா. ரெண்டு வருசமா நெனைச்சிட்டு இருக்கேன்."

"அப்புறம் திட்டு. பத்தொம்பதாம் பிளாக் பம்ப் வீடு தெரியுமில்ல? அங்க வா. நான் வந்துடறேன்."

"ஒடிஞ்ச காலோடயா?"

"வந்துடறேன்னு சொல்றேன்ல?"

வைத்துவிட்டான். பம்ப் வீடு வரைக்கும் ஊர்ந்துவிட்டால் போதும். மடு பிழைத்துக்கொள்ளும், அவனும் பிழைத்துக்கொள்வான். அப்படித்தான் திட்டம். இருபதடி ஊர்ந்ததும் திட்டம் முடிந்தது. கால் இழுபடுகிற ஒவ்வொரு தடவையும் கண் இருட்டியது. புற்றிலேயே வந்து சாய்ந்தான்.

கீழே புதர் அசைந்தது. மூச்சுச் சத்தம். மூக்கால் தேடுகிற சத்தம்.

அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. பழமெல்லாம் தின்று முடித்துவிட்டதே. பிறகு தன் கையை மோந்து பார்த்தான். முதுகெல்லாம், பின்புறமெல்லாம், கை துடைத்த தொடையெல்லாம் மூன்று நாள் புளித்த பழத்தின் வாடை. ஆற்றில் இரண்டு மணி நேரம் கிடந்தும் எண்ணெய் போகவில்லை. கரடி கணக்கில் பையும் அவனும் ஒன்று. ஒரு பையைத் தின்றாகிவிட்டது, இன்னொன்று மேலே இருக்கிறது.

பெல்ட்டைக் கழற்றினான். கட்டுப் போட்ட காலிலிருந்து கால்சட்டையை உருவ எப்படித்தான் முடிந்ததோ. சுருட்டித் தன்னால் முடிந்த தூரம் சரிவில் எறிந்தான். புதருக்குள்ளிருந்து கரடி வந்து அதை மோந்தது. உட்கார்ந்து பாக்கெட்டைச் சப்பத் தொடங்கியது. இருபத்தைந்தடி இருக்கும். ஜட்டியோடு புற்றில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஹேமநாதன்.

போன் அதிர்ந்தது. பேட்டரி நாலு.

"பம்ப் வீட்டுல நிக்கறேன். உன் காரு நிக்குது. நீ எங்கடா?" ரூபேந்திரன்.

ஹேமநாதன் கரடியைப் பார்த்தான். அதற்கும் பின்னால், மரங்களுக்கு நடுவில், மடு ஒரு பச்சைத் துண்டாகத் தெரிந்தது.

"கேளு," என்றான் குசுகுசுப்பாக. "ரெண்டு தடவ சொல்ல பேட்டரி இல்ல. பம்ப் வீட்டுலேர்ந்து குழாய்க் கரையோடயே வா. மூணு மரம் போட்ட பாலம் வரும். தாண்டினதும் எடது பக்கம், ரோத்தான் பிரம்பு முள்ளு வெட்டி வச்சிருப்பேன், அதுல நுழை. தண்ணிச் சத்தம் கேக்கும். கேட்டதும் மேட்டுல ஏறு. கறையான் புத்து. தனியா வராத. கரடி எனக்கும் ஒனக்கும் நடுவுல இருக்கு. பழம் வெட்டறவங்கள கூட்டிக்க. தகரம் தட்டிக்கிட்டே வா, தூரத்துலேர்ந்தே தட்டு, அது திடுக்குனு—"

போன் செத்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத் தகரச் சத்தம் கேட்டது. கரடி கால்சட்டையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. சத்தம் நெருங்க நெருங்க, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி மறுபக்கம் இறங்கிப் போனது. ரூபேந்திரன் முன்னால், கையில் டயர் கழற்றுகிற கம்பி. பின்னால் பழம் வெட்டுகிற இந்தோனேசியர் இரண்டு பேர், ஒருவர் கையில் நீளக் கழியில் கட்டின அரிவாள், இன்னொருவர் உரத் தகரத்தைக் கல்லால் அடித்துக்கொண்டு.

ரூபேந்திரன் அவனை மேலிருந்து கீழ் பார்த்தான். "அலமாக். கால்சட்டையக்கூட விடலையா அது?"

"நானேதான் கழட்டிப் போட்டேன்."

"வெளிய சொல்லாத. கரடி கடிச்சுச்சுன்னே சொல்லு."

கழியும் உரச்சாக்கும் வைத்து அவர்கள் தூக்குக் கட்டிக்கொண்டிருக்கும்போது, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ரூபேந்திரன் சரிவில் இறங்கினான். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது முகம் காய்ந்தே இருந்தது.

"எவ்வளவு ஆழம்?" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"மூணு ஆளு" என்றான் ஹேமநாதன்.

ரூபேந்திரன் தூக்கின் முன்பக்கக் கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குத் தகடு வைத்து ஆறு ஆணி அடித்தார்கள். புஷ்பவள்ளி பேக்டரி உடுப்போடே வந்தாள். முதலில் அழுதாள். கால் மட்டும்தான் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "செத்திருந்தா நான் பத்து பாகாட்ல நின்னு அழுதிருப்பேன். எவன் பொணமாவது ஒதுங்கியிருந்தா அதுக்குக் கொள்ளியும் வச்சிருப்பேன். ரெண்டு வருசமா எறா எறான்னு சொல்லிவிட்டிருக்கேன், என்னைய எவ்வளவு மடச்சின்னு நெனைச்சிருப்பீங்க!" பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவர் தமிழ் தெரியாமலே ஹேமநாதனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

ரூபேந்திரன் தோட்டத்து ஆபீசில் கரடியைப் பற்றிச் சொல்லிவைத்தான். பத்தொன்பதாம் பிளாக்கில் உதிரி பொறுக்குகிற பெண்களைக் கொஞ்ச நாள் வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள். கரடியைப் பார்த்தது பம்ப் வீட்டுப் பக்கம் என்றுதான் சொல்லியிருந்தான். மடு என்ற வார்த்தையே எழவில்லை.

ஏன் எழவில்லை என்று ஏழாவது வாரம் தெரிந்தது. குரூப்பில் ரூபேந்திரன் படம் போட்டான். ஐந்து கிலோ கெலா, பின்னால் வானம் மட்டும். கீழே எழுதியிருந்தான்: பத்து பாகாட். நாற்பது பேரும் சிரித்தார்கள், எந்த மடையன் கடலில் கெலா பிடிப்பான் என்று. ஹேமநாதன் மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கினான். ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பாறை. அந்தப் பாசியை அவனுக்குத் தெரியும், அதில்தான் வழுக்கினான். கால் நாற்காலி மேல், ஊன்றுகோல் சுவரில். 'நல்ல மீன்' என்று எழுதி அனுப்பினான்.

ஒன்பதாவது வாரம் சனிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணிக்கு சாருமதி போன் செய்தாள். ரூபேந்திரனின் மனைவி.

"அண்ணே, கால் எப்படி இருக்கு? ஒண்ணுமில்ல, அவரு விடியக்காலம் பத்து பாகாட் போனாரு. தூண்டிலுக்குப் போனாலும் பன்னெண்டுக்கெல்லாம் வந்து கடை தொறந்துடுவாரு. போன் போகவே மாட்டேங்குது. அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? போய்ப் பாக்கச் சொல்லலாம்னு."

ஹேமநாதன் கடிகாரத்தைப் பார்த்தான். அங்கே லைன் கிடையாது, அதனால் போன் போகாது, அது ஒன்றும் புதுசில்லை. மீன் நன்றாகக் கடித்தால் எவனும் மூன்று மணிக்கு எழ மாட்டான். இப்போது சொன்னால் மடு போனது. சொல்லாமல் ஐந்து மணி வரைக்கும் பார்க்கலாம். பார்த்தால் என்ன? புளித்த பழம் எப்படிச் செய்வது என்று தூக்குக் கட்டி இறக்கின அன்றைக்கே ரூபேந்திரன் அவனிடம் கேட்டிருந்தான். அவனும் சொல்லியிருந்தான், மூன்று நாள், அரிசித் தண்ணீர், வாழைப்பழம். அந்த வாடை பையில்தான் வரும் என்று இப்போது கரடிக்கும் தெரியும்.

"அண்ணே? இருக்கீங்களா?"

அடுப்படி வாசலில் புஷ்பவள்ளி ஈரக் கையோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரு," என்றான். "அவன் பத்து பாகாட்ல இல்ல. பேப்பர் எடு, எழுதிக்க. மொதல்ல 999 போடு. அப்புறம் தோட்டத்து ஆபீஸ். யாரு யாரெல்லாம் கிட்ட இருக்காங்களோ எல்லாருக்கும் சொல்லு. பத்தொம்பதாம் பிளாக், பம்ப் வீடு. எழுதினியா? குழாய்க் கரையோடயே போகணும். மூணு மரம் போட்ட பாலம். தாண்டினதும் எடது பக்கம்..."

ஒன்றையும் விடவில்லை. தகரத்தைத் தூரத்திலிருந்தே தட்டச் சொன்னான்.

ரூபேந்திரன் பதினொரு மணியிலிருந்து நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். காலொன்றும் ஒடியவில்லை, முதுகில் மட்டும் மூன்று நகக்கோடு, தோள்பையின் வாரைக் கழற்றுவதற்குள் விழுந்தது. கரடி கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கண் விழித்தால் தண்ணீர் ஓரம் வந்து பார்க்கும், போய்ப் படுக்கும். ஐந்தரை மணிக்குத் தகரத்தோடு பதினான்கு பேர் மேட்டில் ஏறி வந்தபோது, உதடு நீலமாகி, அவனால் கூப்பிடக்கூட முடியவில்லையாம்.

முதுகில் தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று ராத்திரியே போன் செய்தான்.

"பதினாலு பேருடா! அதுல ஒம்பது பேரு நம்ம குரூப்பு. தூக்கறதுக்கு முன்னாடி தண்ணியத்தான்டா எட்டிப் பாத்தானுங்க. பொம்பாவோட நிறுத்தியிருக்கக் கூடாதா நீ?"

"பொம்பா செகாமாட்லேர்ந்து வரணும். நீ நின்னிருப்பியா?"

"நின்னிருப்பேன்டா!"

"சரி, நின்னிருப்ப."

வைத்துவிட்டான். ஒரு மாதம் ரூபேந்திரன் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பம்ப் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள் நின்றதாக ஹேமநாதன் கேள்விப்பட்டான். 'கரடி, கவனம்' என்று காட்டிலாகா நட்ட பலகையின் நிழலில்தான் நிறுத்தியிருந்தார்களாம். அதற்கு அடுத்த வாரம் வலை.

ஊன்றுகோலை விட்டு அவன் நடக்கத் தொடங்கின வாரத்தில் ரூபேந்திரனே கூப்பிட்டான். கோபமெல்லாம் எங்கே போனது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. லாரி எப்போது ஓட்டலாம், தகடு மழைக்கு வலிக்கிறதா, இதெல்லாம் பேசி முடித்த பிறகு ரூபேந்திரன் தொண்டையைக் கனைத்தான்.

"நாளைக்கு வேற ஒரு எடத்துக்குப் போறேன்."

"எங்க?"

"பத்து பாகாட்."

ஹேமநாதன் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், பேனாவை எடுத்தான். "எந்தப் பத்து பாகாட்?"

அந்தப் பக்கம் கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ரூபேந்திரன் மெதுவாக, பல்லைப் பிடுங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னான். எந்த ரோடு, எந்தத் தோட்டம், எத்தனையாவது பிளாக், வண்டியை எங்கே விடுவான், எத்தனை மணிக்குத் திரும்புவான். ஹேமநாதன் சுவரில் தொங்கின நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் அதை எழுதினான். இடம் போதாமல் திங்கட்கிழமைக்குள்ளும் எழுதினான்.

"மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன்," என்றான். "அதுக்கு மேல ஒரு நிமிசம்கூடப் பாக்க மாட்டேன். பழம் எடுத்துட்டுப் போறியா?"

"மண்புழுடா" என்றான் ரூபேந்திரன்.